நார்மல் குழந்தை

எங்கள் ஆய்வகத்தின் ஃப்ரீசரில் மூன்று பேர் குடியிருந்தார்கள். பெரியவர், அக்கா, தம்பி. மைனஸ் எண்பது டிகிரியில், ஒரே அட்டைப் பெட்டியில், ஆளுக்கு ஒரு கட்டம். பெரியவர் என்பது விபத்தில் இறந்துபோன ஐம்பது வயது மனிதர் ஒருவரின் கல்லீரல் துண்டு. அக்கா, நாலு வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. தம்பி, பிறந்து மூன்றாம் நாள் போன ஓர் ஆண் குழந்தையுடையது. குழாய்களின் மேல் எண்கள்தான் ஒட்டியிருக்கும். நாள் முழுக்க எண்களையே சொல்லிக்கொண்டிருந்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று யாரோ எப்போதோ இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பெயர்கள் போகவில்லை.

"இன்னிக்கு அக்காவை எடுக்கட்டுமா மேடம்?" "பெரியவர் தீரப்போறாரு, வேற ஆளைப் பாக்கணும்." இப்படித்தான் பேசிக்கொள்வோம். வாசலில் நின்று கேட்கிறவர்கள் ஏதோ குடும்பத் தொழில் நடக்கிறது என்று நினைப்பார்கள்.

தம்பி என் மகன். ஆய்வகத்தில் இது யாருக்கும் தெரியாது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எதுவும் விளங்காது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்குத் திடீரென்று கல்லீரல் படுத்துவிடும். உடம்பு மஞ்சளாகும், சர்க்கரை இறங்கும், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காது. அதற்கு எத்தனையோ காரணங்கள். அவற்றில் அபூர்வமான ஒன்று, அப்பா அம்மா இருவர் வழியாகவும் வருவது. நம் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன அடுப்புகள் இருக்கின்றன, உடம்புக்கான சக்தி அங்கேதான் வேகிறது. அந்த அடுப்புகளுக்கென்று தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ உண்டு. இந்த நோயில் அது தேய்ந்துகொண்டே போகும். முதலில் கல்லீரல், அடுத்து பெரும்பாலும் மூளை. அதனால் இந்த நோய்தான் என்று தெரிந்துவிட்டால் மாற்றுக் கல்லீரல் வைக்க டாக்டர்கள் முன்வரமாட்டார்கள். கல்லீரலை மாற்றலாம், மூளையை என்ன செய்வது?

அந்த டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்வது நாங்கள். எண்ணுவது பெரிய வித்தை இல்லை, மெஷின் எண்ணிவிடும். குறைவு என்று சொல்ல வேண்டுமானால் எதைவிடக் குறைவு என்று சொல்ல வேண்டுமே, அங்கேதான் சிக்கல். நோய் இல்லாத ஒரு கல்லீரல் வேண்டும், கண்ட்ரோல் என்போம் அதை. அதையும் நோயாளியினுடையதையும் ஒரே நாளில், ஒரே கையால், ஒரே மருந்தில் கரைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டும். போன வருஷத்து எண்ணை எடுத்து ஒட்டவைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் கண்ட்ரோலில் ஒரு துணுக்கு செலவாகும். இன்னொரு தொல்லையும் உண்டு. பச்சைக் குழந்தையின் கல்லீரலில் அந்த டிஎன்ஏ இயல்பிலேயே குறைவு. வளர வளரத்தான் கூடும். பெரியவரோடு நிற்கவைத்தால் கொழுகொழுவென்று இருக்கிற குழந்தைகூட சாகப்போகிற குழந்தையாகத் தெரியும்.

எனவே பிறந்த குழந்தைக்குப் பிறந்த குழந்தைதான் வேண்டும். அதற்கு எங்கே போவது? குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய் ஒரு துண்டு தருகிறாயா என்று எந்த வாயால் கேட்பது? பெரிய ஆய்வகங்களில் ஏழெட்டு வைத்திருப்பார்கள். எங்களிடம் அப்போது ஒன்றுகூட இல்லை. 'இதே வயதுக் கண்ட்ரோல் இல்லை, கவனமாக எடுத்துக்கொள்ளவும்' என்று ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதி எனக்கே வெறுத்துப்போயிருந்தது. அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பிள்ளை பிறந்தது. இதயத்தைத் தவிர எல்லாம் ஒழுங்காக அமைந்த பிள்ளை. அவன் போனதும் அப்போதைய எங்கள் தலைவரை நானே கூப்பிட்டனுப்பி, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். பிறகு எடுத்துக்கொண்டு போய், மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து, என் கட்டில் ஓரத்தில் நின்று, "லிவர் நார்மல்மா" என்றார். என் மகனைப் பற்றி ஒருவர் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தலைவர் ஓய்வு பெற்று, பிறகு இறந்தும் போனார். என் வீட்டுக்காரர், அதாவது முன்னாள் வீட்டுக்காரர், அன்றைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எடுத்துக்கோ. ஆனா அதைப் பத்தி எங்கிட்ட எப்பவும் பேசாதே" என்றார். நானும் பேசவில்லை. அப்புறம் மற்ற விஷயங்களையும் பேசாமல் பழகிவிட்டோம். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லாமலே பிரிந்தோம். அவருக்கு இப்போது வேறு குடும்பம், வேறு ஊர்.

எனக்கு ஃப்ரீசர் இருந்தது. கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். மற்றவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், என் பிள்ளை என்னோடு வேலைக்கு வந்தான். எத்தனையோ குழந்தைகள் அவன் பக்கத்தில் நின்று அளவு பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரே குழந்தையை வைத்துச் சராசரி சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் நானே எழுதுவேன். எழுதிவிட்டு, ஆனால் என் பிள்ளை சரியாகத்தான் சொல்வான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

துண்டு தேயத் தேய நான் கருமியானேன். எள்ளளவு வெட்டினேன், பிறகு எள்ளில் பாதி. தம்பி இருக்கும் கட்டத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டினேன்: 'என்னைக் கேட்காமல் தொட்டால் கை இருக்காது.' என் சுபாவம் தெரிந்த யாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரே ஒரு துணுக்கு மிஞ்சியது, அரிசி நொய்யைவிடச் சின்னது. இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் காணும்.

இப்படி இருக்கையில் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டி வந்தது. ஒரு வாரம் வீங்கிய கன்னத்தோடு வீட்டில் கிடந்தேன். திரும்பி வந்த அன்று, இல்லாத நாட்களில் போன ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிறந்து இரண்டு வாரமான ஆண் குழந்தை, கல்லீரல் செயலிழப்பு. டிஎன்ஏ அளவு, நூற்றுக்கு இருபத்தெட்டு. மைட்டோகாண்ட்ரியா தேய்வு நோயோடு ஒத்துப்போகிறது. கண்ட்ரோல் என்ற இடத்தில் அக்காவின் எண் இருந்தது.

என்னோடு வேலை செய்கிறவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். எதையும் நிறுத்தாமல் செய்து முடித்துவிடுவான், நல்ல வேலைக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவனைக் கூப்பிட்டேன்.

"இதை யார் பண்ணது?"

"நான்தான் மேடம். அவசரம்னாங்க. புதுத் தலைவர் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாரு."

"ரெண்டு வாரக் குழந்தையை எதுக்கு அக்காகூட வெச்சே?"

"தம்பியைத் தொடக் கூடாதுன்னு நீங்கதான் மேடம் எழுதி வெச்சிருக்கீங்க."

"போன் பண்ணிக் கேக்க வாய் இல்லையா?"

"பண்ணேன். எடுத்தீங்க. பல்லு வலிக்குது, உயிரை வாங்காதேன்னு வெச்சிட்டீங்க."

உண்மைதான். வைத்தது ஞாபகம் இருந்தது. என்னிடம் இரண்டாம் தடவை கேட்க யாருக்கும் தைரியம் வராதபடி நான் நடந்துகொண்டேன் என்பதும் உண்மைதான். அவனைத் திட்ட வாயெடுத்தவள் மூடிக்கொண்டேன். கீழே, வயது குறித்து எச்சரிக்கை வாசகம்கூட இருந்தது. அச்சு எழுத்தில், யாரும் படிக்காத இடத்தில்.

லிவர் டாக்டருக்குப் போன் போட்டேன். இரண்டு கட்டடம் தள்ளி இருக்கிறார். பல வருஷமாகக் குரலில் மட்டும் பழக்கம், முகம் பார்த்ததில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்கான்," என்றார். "அப்பாவோட லிவர் பொருந்துது. ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் போட்டு வெச்சிருந்தோம். உங்க ரிப்போர்ட் வந்ததும் கேன்சல் பண்ணிட்டேன். அவங்களை உக்கார வெச்சுச் சொல்லியாச்சு. இனிமே வலி தெரியாமப் பாத்துக்கறதுதான்."

"மூளை?"

"அதான் மேடம் எனக்கும் உறுத்துது. கண்ணு நல்லாப் பாக்குது. ரத்தத்துல லாக்டேட்டும் இறங்குது, இந்த நோய்னா ஏறணுமே. ஆனா உங்க எண்ணு இருபத்தெட்டு. அதுக்கு மேல நான் என்ன பேசறது?"

"மரபணு ரிப்போர்ட்?"

"ஒரே ஒரு மாற்றம் இருக்குங்கறாங்க. நோயா இல்லையான்னு அவங்களுக்கே தெரியலை."

ஆக எல்லாம் எங்கள் எண்ணின் தலையில்தான் வந்து நின்றது. அந்த எண் தப்பாக இருக்கலாம், இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். அந்தக் குழந்தைக்கு ரத்தம் உறைய மருந்து ஏற்றி ஏற்றி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே தடவை ஊசி குத்தி எடுத்த பயாப்ஸி அது, மறுபடி குத்த முடியாது என்றார். பாதி எங்களிடம் இருக்கிறது, குத்த வேண்டாம் என்றேன். எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன். "நாளைக்குள்ள சொன்னீங்கன்னா யோசிக்கலாம்," என்றார். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வர மூன்று வாரம்.

போனை வைத்துவிட்டு ஃப்ரீசர் அறையில் போய் நின்றேன். நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அக்காவோடு பார்த்ததே சரியாக இருக்கலாம், மறுபடி பார்த்தும் குறைவாகவே வரலாம், அப்போது என் பிள்ளையும் போய் அந்தப் பிள்ளையும் போகும் என்று கணக்குப் போட்டேன். டாக்டரிடம் சந்தேகம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடலாமா என்றும் யோசித்தேன். சந்தேகத்தை நம்பி ஒரு மனிதனின் வயிற்றைக் கிழித்துக் கல்லீரலில் ஒரு பங்கை எடுக்க மாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பாழாய்ப்போன புத்தி, முன்னாள் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். நாலைந்து வருஷத்துக்கு அப்புறம்.

"என்ன விஷயம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். பின்னால் ஒரு சின்னப் பெண் குரல் எதற்கோ அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லை. ஆய்வகத்துல கடைசித் துண்டு. அதையும் எடுக்க வேண்டியிருக்கு. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணிச்சு."

"எதோட கடைசித் துண்டு?"

அவருக்குப் புரிவதற்குள் அந்தச் சிறுமி இரண்டு தடவை அப்பா என்று கூப்பிட்டாள்.

"அது இன்னும் இருக்கா?" என்றார் மெதுவாக. "அப்பவே முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"இல்லை. இன்னிவரைக்கும் இருக்கு."

"இத்தனை வருஷமா நீ தனியா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். "என்னைக் கேக்கணுமா என்ன? உனக்கு எது சரின்னு படுதோ செய்." அவர் நல்ல மனிதர்தான். ஆனால் இந்த உலகத்தில் என் பிள்ளையைத் தெரிந்த இன்னொருவர், அவன் எப்போதோ முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறார். போனை வைத்ததும் எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். பசிதான் வந்தது. கேன்டீனில் போய்த் தனியாக உட்கார்ந்து, வலிக்காத பக்கத்துப் பல்லால் ரொட்டியைக் கடித்து முடித்தேன்.

வந்து கையுறையை மாட்டினேன். எக்ஸ்பிரஸ் ஓடிவந்து, "நீங்க குழந்தையோடதைப் பண்ணுங்க, நான் தம்பியைப் பாத்துக்கறேன்" என்றான். செய்த தப்புக்கு ஈடாக ஏதாவது செய்யத் துடித்தான், பாவம். ஒரே கை பட வேண்டும், நானே இரண்டையும் செய்கிறேன் என்றேன். விதிப்படியும் அதுதான் சரி.

குழாயைத் திறந்தேன். ஐஸ் மேல் வைத்த தட்டில் தட்டினேன், துணுக்கு விழவில்லை. ஊசி முனையால் நெம்பி எடுத்தேன். இளஞ்சிவப்புக்கூட இல்லை, காய்ந்த பழுப்பு. பக்கத்துத் தட்டில் அந்தக் குழந்தையினுடையது, நூல் பிசிறு அளவில் வெளிறிய மஞ்சளாக. இரண்டையும் தனித்தனிக் குழாயில் போட்டு, மருந்து விட்டு, சின்னக் குழவியால் நசுக்கிக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டு நசுக்கினால் டிஎன்ஏ உடைந்துவிடும், மெதுவாகச் சுற்ற வேண்டும். நான் என் பிள்ளையைக் குளிப்பாட்டியதில்லை, தலை துவட்டியதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் விரலை நீட்டி உள்ளங்காலைத் தொட்டதோடு சரி. அவனுக்காக என் கை செய்த வேலையெல்லாம் இதுதான். முடிந்தவரை மெதுவாகச் செய்தேன்.

கரைந்ததும் காலிக் குழாயை எக்ஸ்பிரஸ் எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தான். "ஒரு பொட்டுக்கூட இல்லை மேடம். தம்பி ரிட்டயர்ட்," என்று சொல்லி, கழிவுக்கான மஞ்சள் தொட்டியில் போட்டான். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அன்று முழுக்க நான் உம்மென்று இருந்தது அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். "ஆமா, பன்னெண்டு வருஷ சர்வீஸ்," என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது, அவனுக்குத் தெரியாதே.

மாலையில் மெஷின் எண்ணத் தொடங்கியது. திரையில் இரண்டு கோடுகள் தரையோடு தரையாக ஊர்ந்து, பிறகு எழும். எது முன்னால் எழுகிறதோ அதில் அதிகம் இருக்கிறது என்று அர்த்தம். நோய் உள்ள குழந்தையின் கோடு தரையிலேயே முனகிக்கொண்டு கிடக்கும், அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீலக் கோடு தம்பி, பச்சை அந்தக் குழந்தை. நீலம் எழுந்தது. பின்னாலேயே, ஒட்டினாற்போல, பச்சையும் எழுந்தது.

தம்பிக்கு நூறு என்றால் அந்தக் குழந்தைக்கு எண்பத்தேழு. குறைவே இல்லை. ஒரே துணுக்கிலிருந்து ஆறு குழிகளில் விட்டிருந்தேன், ஆறும் அதையே சொல்லின. எக்ஸ்பிரஸ் தலையில் கைவைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் அந்தக் குழந்தையைக் கொன்னிருப்பேன் மேடம்," என்றான். "நாம," என்றேன். "எழுந்திரு. போய்ப் பிள்ளைங்களைப் பாரு."

டாக்டருக்குச் சொன்னேன். காரணம் இன்னும் தெரியவில்லை, ஆனால் தேய்வு நோய் இல்லையென்றால் ஆபரேஷனுக்குத் தடையில்லை, நாளைக் காலையிலேயே தியேட்டர் கேட்கிறேன் என்றார். அடுத்த நாள் ஒன்பது மணிக்கு அவரே கூப்பிட்டார். "மேடம், ஒரு உதவி. அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. உங்க பேச்சை எப்படி நம்பறதுன்னு கேக்கறாரு. எண்ணினது யாரோ அவங்களை வரச்சொல்லுங்கன்னு ஒரே பிடிவாதம். கொஞ்சம் வர முடியுமா?"

நோயாளிகளின் வீட்டாரை நாங்கள் பார்ப்பதில்லை. எங்களுக்கு அவர்கள் எண்கள், அவர்களுக்கு நாங்கள் காகிதம். வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு இரண்டு கட்டடம் தாண்டிப் போனேன். டாக்டர் குரலைவிட வயதானவராக இருந்தார், ஒரு காலைத் தாங்கி நடந்தார். அவரும் என்னை வேறு மாதிரி நினைத்திருந்தார் போல, ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். சின்ன அறை. நாலு நாற்காலி, ஒரு மேஜை, டிஷ்யூ பெட்டி. அப்பா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார், முப்பது வயதுகூட இராது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வெறுங்கையைக் கோத்துவைத்திருந்தாள். பால் கட்டியிருக்க வேண்டும், மார்பை ஒட்டித் துணியை மடித்து வைத்திருந்தாள். எனக்கு அது தெரியும்.

"மூணு நாள் முன்னாடி இதே ரூம்ல உக்கார வெச்சு, ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனமில்லைன்னீங்க," என்றார் அப்பா. "இவ அன்னிலேருந்து தண்ணிகூட ஒழுங்காக் குடிக்கலை. இன்னிக்குப் பண்ணலாங்கறீங்க. என்னை அறுத்துக்கறதுக்கு நான் பயப்படலை. ஆனா நீங்க நாளைக்கு வந்து வேற சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நீங்க கேக்கறது நியாயம்," என்றேன். "தப்பு எங்க ஆய்வகத்தோடது. முக்கியமா என்னோடது. பச்சைக் குழந்தையை நாலு வயசுப் பிள்ளை பக்கத்துல நிக்க வெச்சு உயரம் பாத்துட்டோம். குள்ளமாத்தானே தெரியும். நேத்து இன்னொரு பச்சைக் குழந்தை பக்கத்துல நிக்க வெச்சுப் பாத்தேன். நானே என் கையால பாத்தேன். உங்க பையனுக்கு அந்த நோய் இல்லை. அவன் லிவர் ஏன் படுத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆபரேஷன் நல்லபடியா முடியும்னு சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. இந்த நோய் இல்லைங்கறதை மட்டும் எங்கே வந்து வேணும்னாலும் சொல்வேன்."

காகிதத்தை மேஜையில் வைத்தேன். அப்பா நகரவில்லை. அம்மாதான் அதை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள். தூண் மாதிரி நிற்கும் இரண்டு கட்டங்கள், ஒன்று நீலம், ஒன்று பச்சை.

"இதுல எங்க பையன் எது?"

"பச்சை."

"பக்கத்துல இருக்கறது?"

"அது நார்மல் குழந்தை. அதை வெச்சுத்தான் அளக்கறது."

"யார் வீட்டுக் குழந்தை?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா," என்று டாக்டர் குறுக்கிட்டார். "அது ரகசியம்."

"என் பையன்," என்றேன்.

பன்னிரண்டு வருஷமாக வெளியே வராத வார்த்தை, அத்தனை சுலபமாக வந்துவிட்டது. டாக்டர் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிற குழந்தையின் கல்லீரலில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அவள் முகம் மெல்ல இளகியது. விரலால் நீலத்தின் உச்சியிலிருந்து பச்சையின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தாள்.

"ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம்," என்றாள்.

"ஆமா."

"உங்க பையன் இப்ப நல்லா இருக்கானா?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. என்னிடம் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. அவளிடம் சொன்னால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால் அவள் பிள்ளை மாடியில் குழாய்களோடு கிடக்கிறது. அதற்கு நிகராக இந்த உலகத்தில் அவளிடம் காட்டப்பட்டது ஒரே ஒரு பிள்ளை.

"நல்லா இருக்கான்," என்றேன்.

"எத்தனாவது படிக்கிறான்?"

"ஏழாவது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? இவங்க பையன் ஏழாவது படிக்கிறானாம்."

அப்பா வந்து காகிதத்தை எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டாக்டரிடம் பேனா கேட்டார்.

அவர் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாப் படிப்பானா?" என்றாள்.

"படிப்பான். கணக்குதான் கொஞ்சம் தகராறு."

"அதெல்லாம் போகப்போக வந்துடும். நீங்க கவலைப்படாதீங்க," என்று அவள் என்னைத் தேற்றினாள்.

சரி என்று தலையாட்டினேன்.